உதிர்ந்த இலையில் விலங்கு செய்தல்: கொழும்பு வகுப்பறைக்கு எந்த முறை பொருந்தும்?

இலைகளை ஒட்டி விலங்கு செய்யப் படம் தேடினால் கண்ணில் படுபவை பெரும்பாலும் மேப்பிள், ஓக் இலைகளில் செய்த நரியும் முள்ளெலியும்தான். அந்த நாடுகளில் செப்டெம்பருக்குப் பிறகு பகல் வேகமாகக் குறுகும், குளிர் இறங்கும். மரம் பச்சையத்தைச் சிதைத்துச் சத்தை உள்ளிழுத்துக்கொள்ள, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும்; சில மரங்களில் சிவப்பு புதிதாக ஊறும். கொழும்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் கிடையாது. ஆகவே ஊரே சேர்ந்து சிவக்கும் பருவம் இங்கே இல்லை. மரத்துக்கு மரம், கிழமைக்குக் கிழமை, தனித்தனியாக இலை பழுத்து விழுகிறது.

இலை கிடைப்பது பிரச்சினையல்ல. பிரச்சினை காற்று. குளிர்நாட்டு வீட்டில் புத்தகத்துக்குள் வைத்த இலை தானாகக் காயும். இங்கே அதே இலைக்குத் தானாகப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே எடுத்துக்கொண்டால், வெள்ளிக்கிழமை அழகாக இருந்த யானை அடுத்த புதன்கிழமை காது சுருண்டு, மட்டை வளைந்து, சாம்பல் புள்ளியோடு நிற்கும்.

ஆசிரியர் முன்னால் நான்கு வழிகள் உள்ளன: இலைகளை ஒட்டாமல் அடுக்கிப் படம் எடுத்துக் கலைத்துவிடுவது, அன்று பொறுக்கியதை அன்றே ஒட்டுவது, அழுத்திக் காயவைத்துப் பிறகு ஒட்டுவது, இலையை ஒட்டாமல் அதன் அச்சை மட்டும் கடதாசியில் எடுப்பது. எதைத் தெரிவது என்பதைத் தீர்மானிப்பது பிள்ளைகளின் திறமையோ கையிலுள்ள பணமோ அல்ல. பொறுக்கும் நாளுக்கும் காட்சிக்கு வைக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் இருக்கிறது, அந்தப் படைப்பு எத்தனை நாள் நிற்கவேண்டும் என்ற இரண்டு கேள்விகள்தான்.

அன்றே பொறுக்கி அன்றே ஒட்டுவது

பாடசாலைகளில் அதிகம் நடப்பது இதுதான். நான்கிலும் மோசமானதும் இதுதான்.

மரத்திலிருந்து விழுந்த இலை பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் நடு நரம்பிலும் காம்பிலும் நிறைய நீர் இருக்கும். பைண்டர் கம் என்று நாம் வாங்கும் வெள்ளைப் பசையும் நீரில் கலந்ததுதான். அது இறுக நீர் வெளியேற வேண்டும். மேலே மெழுகுத் தோல் கொண்ட இலை, கீழே தடித்த மட்டை. நடுவில் அகப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லை. இரண்டு நாளில் மட்டை வளையும். மூன்றாம், நான்காம் நாளில் இலை சுருங்கத் தொடங்கும். அதன் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே அளவில் சுருங்காததால் ஓரம் மேலெழும்பி, ஒட்டிய இடத்தில் மட்டையின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும். அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டி வைத்தால் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம்.

ஒருநாள் காட்சிக்கு மட்டும் இந்த முறை போதும். அப்போதும் ஈரப் பசையைத் தவிர்த்து இரட்டைப் பக்க டேப் பாவியுங்கள். ஒட்டுமுன் இலையின் முதுகை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மெழுகும் தூசும் போய்ப் பிடிமானம் கூடும். குரோட்டன் போன்ற வழவழப்பான இலைக்கு இது கட்டாயம்.

ஒட்டாமல் அடுக்குவது

முன்பள்ளிக்கும் தரம் 1, 2 பிள்ளைகளுக்கும் எங்கள் முதல் தெரிவு இது. பசை இல்லை, காயவைப்பது இல்லை, ஒரு பாடவேளைக்குள் முடியும். பிள்ளை இலையை வைத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் திருப்பி வைக்கும். ஒட்டிய பிறகு அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. ஓர் இலையைத் தலைகீழாக்கியதும் மீன் ஆந்தையாகிவிடுவதை ஐந்து வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பது இந்த முறையில்தான்.

தேவையானது ஆளுக்கொரு கறுப்பு அல்லது கடும் நீலக் கடதாசி, ஏறக்குறைய 8 இலை, ஒரு கைபேசி. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். எல்லாரும் அடுக்கி முடித்த நேரத்தில் யாரோ சுவிட்சைப் போட்டால் அழுகைச் சத்தம் அடுத்த வகுப்புக்குக் கேட்கும். படத்தை நேர் மேலிருந்து, கூரை மின்விளக்கின் பளபளப்பு விழாத இடத்தில் எடுக்கவேண்டும். ஜன்னல் பக்கமாக மேசையை நகர்த்தினால் போதும்.

குறை என்னவென்றால் வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. படத்தை அச்சிட்டுக் கொடுக்கும் வசதி இல்லாத இடத்தில் பிள்ளையும் பெற்றோரும் ஏமாறுவார்கள். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அழுத்திக் காயவைத்து ஒட்டுவது

தரம் 3 முதல் 5 வரை, பத்து நாள் கையில் இருந்தால், இதைவிட வேறொன்றைத் தேடவேண்டியதில்லை. ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்குக் காட்சி வைப்பதாக இருந்தால் செப்டெம்பர் 15ஆம் திகதிக்கு முன் இலை பொறுக்கப்பட்டிருக்கவேண்டும். ஒக்டோபர் 6 ஆசிரியர் தின வாழ்த்து மடல்களுக்கும் அதே இலைக்கட்டு உதவும். மூன்று நாள் மட்டும் இருக்கும்போது இந்த முறையைத் தொடங்கக்கூடாது. அரைகுறையாகக் காய்ந்த இலை பச்சை இலையைவிட மோசமாக நடந்துகொள்ளும்: காய்ந்ததென்று நம்பி நாம் பசையைத் தாராளமாகப் பூசிவிடுவோம்.

பொறுக்குவதற்கு மழையில்லாத நாளின் காலை ஒன்பது, பத்து மணி நல்லது. பனியீரம் போயிருக்கும், தரை சுடத் தொடங்கியிராது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது; புதர் ஓரம் போகும் பிள்ளைகளுக்கு நீளக் கால்சட்டையும் காலுறையும் வேண்டும். பூங்காவில் விழுந்ததை மட்டும் எடுப்பது, கிளையைத் தொடாமல் இருப்பது என்ற விதியை வாயிலிலேயே சொல்லிவிடுங்கள். முருங்கை மரத்தடியில் மயிர்க்கொட்டி இருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் பார்த்த பிறகே பிள்ளைகளை விடவேண்டும். மாமரத்தடியில் முசுறு எனும் கடிக்கும் சிவப்பு எறும்பு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

36 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஆளுக்குப் பத்து இலை என்றால் 360. அழுத்தும்போது ஐந்தில் ஒன்று உடையும் அல்லது கறுக்கும் என்று வைத்து 450 இலை பொறுக்கவேண்டும். பெரிய இலை ஆளுக்கு இரண்டுக்கு மேல் தேவைப்படாது. மிச்சமெல்லாம் நடுத்தரமும் சிறியதும். பெரியதாகவே பொறுக்கிக்கொண்டு வருவதுதான் வழமையான பிழை. பிறகு காலுக்கும் காதுக்கும் இலை இருக்காது.

காயவைக்கும் ஒழுங்கு இப்படி. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். காம்புகளை வெட்டித் தனியாகச் சேருங்கள். வாலுக்கும் மீசைக்கும் காலுக்கும் அவைதான் வேண்டும். தடித்த நடு நரம்பை இலையின் பின்பக்கத்தில் ஆசிரியர் பிளேடால் சீவிவிடவேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் கொட்டம்பா (நாட்டு வாதுமை) இலை ஒருபோதும் தட்டையாக ஒட்டாது. பிறகு பழைய பத்திரிகையின் நான்கு தாள், அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் இலைகள், மேலே மறுபடியும் நான்கு தாள். ஐந்து அடுக்குக்கு ஒரு தரம் நெளிவு மட்டையை வைத்தால் அதன் குழல்கள் வழியே காற்று போய்வரும். கட்டின்மேல் 8 முதல் 10 கிலோ பாரம். அகராதிகளும் கொப்பிக் கட்டுகளும் போதும். பளபளப்பான சஞ்சிகைத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, அதை வைக்கவேண்டாம். பழைய தொலைபேசி விபரக்கொத்து எங்காவது கிடந்தால் விடாதீர்கள்.

தாள் மாற்றுவதுதான் இந்த முறையின் உயிர். முதல் நாள், இரண்டாம் நாள், நான்காம் நாள் என மூன்று தடவை ஈரத்தாளை எடுத்து உலர்ந்த தாள் வைக்கவேண்டும். முதல் 24 மணித்தியாலத்தில்தான் நீர் மிக அதிகமாக வெளியேறும். அந்தத் தாளை அப்படியே விட்டால் இலை தன் ஈரத்திலேயே வெந்து கறுக்கும். வேப்பிலை, மந்தாரை மூன்று நான்கு நாளில் காயும். பூவரசு ஐந்து ஆறு நாள். மாவிலையும் குரோட்டனும் ஒரு கிழமை. கொட்டம்பாவும் ஈரப்பலாவும் எட்டு முதல் பத்து நாள். காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. தாவரவியலாளர் உலர்மாதிரிக்குச் செய்யும் சோதனை இது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

மிகையாகக் காய்ந்து நொறுங்கும் இலையை வீசவேண்டாம். அரை மணித்தியாலம் திறந்த காற்றில் வைத்தால் கொழும்புக் காற்றே அதைக் கொஞ்சம் இளக்கிவிடும். நமது ஈரப்பதம் நமக்கு உதவும் ஒரே இடம் இது.

அவசரத்துக்கு அயன் பண்ணலாமா? இரண்டு பத்திரிகைத் தாளுக்கு இடையில் வைத்து, நீராவி இல்லாமல், நடுத்தரச் சூட்டில் 15 வினாடி அழுத்தி எடுத்து, ஆறவிட்டு மறுபடியும் அழுத்தலாம். மெல்லிய இலை இரண்டு மூன்று தடவையில் சரிவரும். கொட்டம்பாவுக்கு ஏழெட்டு தடவை வேண்டும், அப்போதும் நரம்பருகில் ஈரம் நிற்கும். பச்சை இலை சூட்டில் பாசிப் பழுப்பாக மாறும், ஏனென்றால் பச்சையம் சூட்டில் சிதைகிறது. 450 இலைக்கு இது நடக்கிற காரியமில்லை. விடுபட்ட பத்து இருபது இலைக்குச் சரி. அயனைப் பெரியவர்தான் பிடிக்கவேண்டும்.

கிளிசரினில் ஊறவைத்தால் இலை வளையும் தன்மையோடு இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு நீர். உலர்ந்த நாடுகளில் அது நல்ல வழி. கிளிசரின் காற்றிலிருந்து நீரை இழுக்கும். இங்கே இலை வியர்த்துக் கடதாசியில் எண்ணெய்க் கறைபோல் படியும், பசையும் பிடிக்காது. வேண்டாம். லமினேட் பண்ணுவதும் முழுதாகக் காய்ந்த மெல்லிய இலைக்கு மட்டுமே சரி. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சூட்டில் ஆவியாகிக் குமிழ் விடும், தடித்த நரம்பு இயந்திரத்தில் சிக்கும்.

அச்சும் உரசலும்

இலை காயவேண்டியதில்லை, பூஞ்சணம் பிடிக்காது, வருடக்கணக்கில் நிற்கும். மழைக்காலத்தில் செய்யக்கூடிய ஒரே நம்பகமான முறை. ஆனாலும் ஆசிரியர்கள் இதைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள்.

உரசலுக்குக் கொய்யா இலை மிகப் பொருத்தமானது; அதன் பின்பக்க நரம்புகள் புடைத்திருக்கும். நரம்புப் பக்கம் மேலே பார்க்க வைத்து, மேலே டிமை எனும் மெல்லிய தாளைப் போட்டு, பஸ்டலைப் படுக்கவைத்து ஒரே திசையில் உரசவேண்டும். பிரிஸ்டல் போர்ட் இதற்கு உதவாது, தடிப்பில் நரம்பு தெரியாது. இலை நழுவினால் கோடு இரட்டையாகும், ஆகவே காம்பை ஒரு துண்டு டேப்பால் மேசையில் பிடித்துவையுங்கள். உரசிய தாளை வெட்டி ஒட்டினால் ஆமை ஓடு, மீன் உடல், ஆந்தை இறகு எல்லாம் வரும்.

வர்ண அச்சில் கெடுவது ஒன்றே ஒன்று: வர்ணம் கூடிவிடுவது. போஸ்டர் வர்ணத்தை நீர் சேர்க்காமல் பஞ்சால் மெல்லத் தட்டிப் பூசி, முதல் அச்சைப் பத்திரிகையில் எடுத்துவிட்டு இரண்டாவதைத்தான் நல்ல தாளில் எடுக்கவேண்டும். முதலாவது எப்போதும் அப்பிக்கொள்ளும்.

எந்த இலை எதற்கு

கொழும்பில் இலையுதிர்கால நிறத்துக்கு மிக அருகில் வருவது கொட்டம்பா. கடலோர வீதிகளிலும் பாடசாலை முற்றங்களிலும் நிற்கும். விழுமுன் மஞ்சளும் செம்மஞ்சளும் கடுஞ்சிவப்புமாக மாறும். பொதுவாக வருடத்தில் இரண்டு தடவை இலை உதிர்க்கும், ஆனால் அடுத்தடுத்து நிற்கும் இரு மரங்கள்கூட ஒரே கிழமையில் சிவப்பதில்லை. இலை நுனிப்பக்கம் அகன்று காம்புப்பக்கம் ஒடுங்கியிருக்கும். இந்த வடிவந்தான் அதன் சிறப்பு: காம்பு கீழே இருந்தால் ஆந்தை உடல், காம்பு பக்கவாட்டில் இருந்தால் மீன், மூன்றை விசிறிபோல் வைத்தால் மயில் தோகை. காய்ந்ததும் சிவப்பு கொஞ்சம் பழுப்பேறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்.

நகரத்துக்குக் கிழக்கே, ஹங்வெல்ல, பாதுக்கைப் பக்கம் இறப்பர்த் தோட்டத்துக்கு அருகிலுள்ள பாடசாலை என்றால் தை, மாசியில் உண்மையான இலையுதிர்வே கிடைக்கும். ஆண்டின் தொடக்கத்தில் இறப்பர் மரங்கள் சேர்ந்து செம்மஞ்சளாகி மொட்டையாகின்றன. 1876இல் கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில், இலங்கையில் முதன்முதலாக நட்ட அதே இன மரம். இலை மெல்லியது, மூன்று நான்கு நாளில் காயும். கொழும்பிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு சாக்கு நிரப்பி வரலாம்.

குரோட்டன் வேலிகள் எங்கும் உண்டு, நிறத்தையும் காய்ந்த பிறகு நன்றாகவே காக்கும். புதிதாக வெட்டினால் வரும் பால் சிலருக்குத் தோலை அரிக்கச் செய்யும். விழுந்ததை எடுங்கள், அல்லது பெரியவர் முதல்நாளே வெட்டி வைக்கட்டும்.

மந்தாரை இலை இயற்கையாகவே நடுவில் பிளந்திருக்கும். ஒன்றே ஒரு வண்ணத்துப்பூச்சி, இரண்டை மேலும் கீழுமாக வைத்தால் நான்கு சிறகு. பூவரசு இதய வடிவம்: கூர்நுனி மூக்கு, நீண்ட காம்பு வால், எலி ஆயத்தம். அரச இலையும் அதே வடிவம்தான், பார்க்க இன்னும் அழகு. ஆனால் பௌத்தர்கள் புனிதமாக மதிக்கும் மரத்தின் இலையைக் கத்தரித்து எலியாக்குவது பல மதப் பிள்ளைகள் படிக்கும் கொழும்பு வகுப்பறையில் மனத்தாங்கலில் முடியும். பூவரசு இருக்க அரசு எதற்கு? வில்வத்துக்கும் துளசிக்கும் இதே மரியாதை.

ஈரப்பலா இலை ஆழமாக வெட்டுண்டது, சிங்கப் பிடரிக்கும் சேவல் வாலுக்கும் நல்லது. பெரியதை ஆசிரியர் துண்டுகளாக்கிப் பகிரலாம். வேப்பிலையின் ரம்ப ஓரம் இறகுக்கு. முருங்கையின் சிறு வட்டங்கள் மீன் செதிலுக்கு. மாவிலை நீளமும் ஒடுக்கமும்: கால்வாய்க் கரையில் பிள்ளைகள் தினமும் பார்க்கும் கபரகொய்யாவுக்கு (நீர் உடும்பு) உடலும் வாலும் அதுதான்.

மாந்தளிரின் செப்பு நிறம், நா மரத்தின் சிவந்த துளிர், கறுவாக் கொழுந்து ஆகியவை கண்ணைப் பறிக்கும். எடுக்கவேண்டாம். முற்றாத திசு காயும்போது சுருங்கி நூலாகிவிடும். மேலும் அவை விழுந்தவை அல்ல, பிடுங்கியவை. அலரி வகைகளின் இலையையும் விதையையும் எந்தப் பிள்ளையின் மேசையிலும் வைக்கக்கூடாது, நச்சுத்தன்மை உடையவை. கண்ணுக்கு விதை ஒட்ட விரும்பினால் மஞ்சாடி, அதுவும் சிறிய பிள்ளைகள் வாயில் போடாத வகுப்பில் மட்டும். சிவப்பும் கறுப்புமான குன்றிமணி கொடிய நஞ்சு. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தாலும் வாங்கி வையுங்கள். துளைபோடும் கருவியால் வெட்டிய வெள்ளைக் கடதாசி வட்டமும் பேனைப் புள்ளியும் எந்த விதையையும்விட நல்ல கண்.

முழு இலையா, உருவரைக்குள் துண்டுகளா

இங்கேதான் ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி யானையின் உருவரையைப் பிரதி எடுத்துக் கொடுத்து, உள்ளே இலைத் துண்டுகளை ஒட்டச் சொல்லும். மற்றது வெறும் மட்டையைக் கொடுத்து, இலையைப் பார்த்து அதில் என்ன விலங்கு ஒளிந்திருக்கிறது என்று கேட்கும்.

உருவரை முறை நேர்த்தியாக முடியும், பெற்றோருக்குப் பிடிக்கும், போட்டிக்கு அனுப்பலாம். ஆனால் 36 யானையும் ஒரே யானை. தொழில்நுட்பத்திலும் ஒரு பலவீனம்: ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு ஓரம், ஒவ்வோர் ஓரமும் தூக்கக்கூடியது. துண்டு சிறியதாகச் சிறியதாக ஒட்டும் வேலையும் உதிரும் ஆபத்தும் கூடும். முழு இலைக்கு ஓரம் ஒன்றே.

எங்கள் தெரிவு முழு இலை. உடைந்த இலைகளுக்கு மட்டும் உருவரையை வைத்துக்கொள்ளுங்கள்: அவற்றைக் கையால் நொறுக்கித் தூளாக்கி, உருவரைக்குள் பசை பூசித் தூவி, ஐந்து நிமிடத்தில் கவிழ்த்துத் தட்டினால் யானைத் தோலும் எருமைத் தோலும் அச்சாக வரும். துண்டு ஒட்டுவதைவிட இது வேகமானது, தரம் 2 பிள்ளையும் செய்யும். தூவும்போது தூள் மூக்கில் ஏறாமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்கு வேறு வேலை கொடுங்கள்.

முழு இலையில் தொடங்குவதற்கு ஆந்தை எளிது. கொட்டம்பா ஒன்று, காம்பு கீழே. மேல் அகன்ற ஓரத்தின் நடுவில் ஆழமில்லாமல் ஒரு வளைவு வெட்டினால் இரு பக்கமும் காது. பூவரசு இரண்டு பக்கவாட்டில் சிறகு. வேப்பிலைகளை நெஞ்சில் கீழிருந்து மேலாக, ஓட்டுக்கூரை வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டவேண்டும். மேலிருந்து கீழாகப் போனால் காம்பு நுனிகள் எல்லாம் வெளியே தெரியும். கண் பெரிய வட்டம். அலகு குரோட்டன் முக்கோணம். வெட்டிய காம்புத் துண்டுகள் கால்.

யானை கடினம், பிள்ளைகள் கேட்பதோ அதைத்தான். உடலுக்கு ஒரு பெரிய கொட்டம்பா படுக்கையாக, தலைக்குச் சிறியது ஒன்று. காதுக்குப் பூவரசு. தும்பிக்கையில்தான் எல்லாருக்கும் தவறும்: காய்ந்த இலையை வளைக்கமுடியாது, முறியும். வளைந்தே காய்ந்த மாவிலையை முன்கூட்டியே தேடி ஒதுக்கி வையுங்கள், அல்லது மாவிலையை நான்கு துண்டாக வெட்டிச் சிறு கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். மடிப்புள்ள தும்பிக்கையே கிடைத்துவிடும்.

மட்டையும் பசையும்

பிரிஸ்டல் போர்ட் ஒரு முழுத் தாளை ஆறாக வெட்டினால் துண்டு ஏறக்குறைய ஏ4 அளவு. 36 பேருக்கு ஆறு தாள், பிழைபோனால் மாற்ற ஒன்று. டிமை தாளில் இலை ஒட்டினால் நீர் இழுத்துச் சுருங்கும். நிறம் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதில்லை. பழுப்பு இலைக்கு வெளிர் நீலமும் பாலேட்டு நிறமும் நன்றாக எடுக்கும், சிவப்பு இலைக்குக் கறுப்பு. புறக்கோட்டை மலிபன் வீதியில் மொத்தமாக வாங்கினால் மலிவு. கடை அட்டைப்பெட்டியை வெட்டினாலும் தாங்கும், அதன் பழுப்பில் இலை நிறம் அமுங்கிப்போகும் என்பதே குறை.

பைண்டர் கம் 250 கிராம் வகுப்புக்குக் காணும். ஆறு பேருக்கு ஒரு மூடி, ஆளுக்கு ஒரு மட்டைக் கீற்று. தூரிகை தேவையில்லை. தடித்த இலைக்குப் பசையை நீர் கலக்காமல் இலையின் முதுகில், நடுவிலிருந்து ஓரம் வரை மெல்லிய படையாக இழுக்கவேண்டும். நொறுங்கும் மெல்லிய இலைக்குப் பசையை மட்டையில் பூசி இலையை மேலே வையுங்கள். இலையில் பூசப்போனால் கையோடு வந்துவிடும். பிள்ளைகள் நடுவில் ஒரு பெரிய சொட்டு வைத்துவிட்டு ஓரத்தை மறப்பார்கள். ஓரம் தூக்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

குளூ ஸ்டிக் காய்ந்த இலையைத் தாங்காது. கோதுமை மாப் பசை மலிவு, ஆனால் இந்தக் காற்றில் அதற்கே முதலில் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும். பழைய புத்தகம் கட்டுநர்கள் அதற்குத் துரிசு (செப்புச் சல்பேற்று) கலப்பார்கள். நஞ்சு என்பதால் பிள்ளைகளின் கைக்கு அது கூடாது. சூட்டுப் பசைத் துப்பாக்கி காம்புகளுக்கு மிக நல்லது, ஆசிரியர் கையில் இருக்கும்வரை.

ஒட்டி முடிந்ததும் மேலே ஒரு பொலித்தீன் தாள், அதன்மேல் பாரம், குறைந்தது ஒரு மணித்தியாலம். பசையின் நீர் காய்ந்த இலையை மறுபடியும் இளக்கிச் சுருட்டப்பார்க்கும். பாரம் அதைத் தடுக்கிறது. பிறகு பொலித்தீனை எடுத்துவிட்டு ஓர் இரவு திறந்து வைக்கவேண்டும். மேற்பூச்சாகச் சமபங்கு நீர் கலந்த அதே பசையை ஒரு படை பூசினால் நொறுங்குவது குறையும். ஆனால் அடியில் முழுதாகக் காய்ந்த பிறகே. மேலும் கீழும் பசையால் மூடி ஈரத்தை நடுவில் அடைத்தால் மூன்றாம் நாள் கறுப்புப் புள்ளி விழும்.

நேரக் கணக்கு

அழுத்தும் முறைக்கு வகுப்பில் மூன்று பாடவேளை போதும்: பொறுக்கித் துடைத்து அடுக்க ஒன்று, பத்து நாள் கழித்து ஒட்டாமல் அடுக்கிப் பார்க்க ஒன்று, ஒட்ட ஒன்று. நடுவிலுள்ளதைத் தவிர்க்கவேண்டாம். அடுக்கிப் பார்க்காமல் ஒட்டிய பிள்ளை பாதியில் இலை போதாமல் நிற்கும். தாள் மாற்றும் வேலையை இரண்டு பிள்ளைகளிடம் மாறிமாறி ஒப்படைத்தால் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். சுற்றாடல் பாடத்தோடு சேர்த்துக்கொண்டால் அதிபரிடம் தனி நேரம் கேட்கத் தேவையில்லை.

ஒரு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் தரம் 1, 2க்கு அடுக்கிப் படம் எடுப்பது, தரம் 3க்கு மேல் உரசல். இரண்டு பாடவேளையும் நான்கு நாளும் இருந்தால் வேம்பு, மந்தாரை போன்ற மெல்லிய இலைகளை மட்டும் அழுத்தி வண்ணத்துப்பூச்சியும் பறவையும் செய்யலாம்; கொட்டம்பாவை அப்போது தொடவேண்டாம். மழை விடாத கிழமை என்றால் எந்தத் தரமானாலும் அச்சு.

காட்சியை நேர்வெயில் படாத சுவரில் வையுங்கள். சிவப்பு சில கிழமைகளில் வெளுத்துவிடும், ஜன்னலோரத்தில் அதைவிட வேகமாக. வீட்டுக்கு அனுப்பும்போது சுருட்டவே கூடாது. இரண்டு மட்டைத் துண்டுக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கொடுங்கள், பொலித்தீன் பையில் அடைக்காமல் பத்திரிகையில் சுற்றி. மிஞ்சிய இலையைச் சாக்கோடு முற்றத்தில் விட்டால் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும். அன்றைக்கே கூட்டுப்பசளைக் குழிக்குப் போகட்டும், டேப் ஒட்டியவற்றை மட்டும் பிரித்து.